ஆளுநர் மாறினார், என் கோப்பு என்ன ஆனது?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக ஊரையும் பாடசாலையையும் மறைத்து, சில விவரங்களையும் மாற்றித் தருகிறேன்.

வயது 39. இரண்டு பிள்ளைகள். 2010 முதல் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், அதன் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் தொண்டர் ஆசிரியராகக் கணிதம் கற்பிக்கிறார். காலையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி அக்கரை போகிறார், பள்ளி விட்டதும் அதே பாதையில் திரும்புகிறார். பாதை ஓடாத மழை நாட்களில் சுற்றுவழி. சம்பளம் என்று எதுவும் இல்லை. பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் சிறு தொகையும் வேளாண்மை வெட்டிய பின் வரும் கொஞ்ச நெல்லும்தான் வருமானம். இடையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வெளிவாரிப் பட்டமும் முடித்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் தொண்டர் ஆசிரியர்களுக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. இவரும் போனார். பிறகு கிழக்கு மாகாண ஆளுநர் செயலகக் கடிதத்தாளில் ஒரு பதில் வந்தது: “தங்கள் விண்ணப்பம் தொடர்பில் சாதகமாகப் பரிசீலிக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.” அந்தக் கடிதத்தை லமினேட் செய்து வைத்திருக்கிறார். சிறிது காலத்தில் அந்த ஆளுநர் போய்விட்டார். அடுத்தவர் வந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து திருகோணமலைக்குப் போய், பொன்னாடை போர்த்திப் புதிய மனுக் கொடுத்தார். அவரும் போனார், இன்னொருவர் வந்தார், இன்னொரு மனு. இப்படி மூன்று முறை. போன மாதம் ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, “அதெல்லாம் பழைய ஆளுநர் காலத்துக் கதை, இப்போது செல்லாது” என்று வாய்வழியாகச் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒருவர், புதிய ஆளுநரின் “உள்வட்டத்தில்” தனக்கு ஆள் இருக்கிறது, மூன்று இலட்சம் ரூபாய் தந்தால் வேலை நடக்கும் என்கிறார். மாகாண சபைத் தேர்தல் வந்து முதலமைச்சர் வந்தால்தான் விடிவு, அதுவரை பொறு என்று அண்ணன் சொல்கிறார். ஆளுநர் ஜனாதிபதியின் ஆள், அவர்மேல் வழக்குப் போட முடியாது என்று பாடசாலை நண்பி சொல்கிறார். “நான் நாலாவது மனுக் கொடுப்பதா, வழக்குப் போடுவதா, இல்லையென்றால் சட்டியும் பானையுமாக வீட்டில் இருப்பதா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களைச் சுற்றியிருக்கும் மூன்று பேரில், மூன்று இலட்சம் கேட்டவரைத் தவிர, மற்ற இருவரும் ஆளுக்கொரு பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மைகளைச் சரிசெய்வது முழுப் பொய்யைத் தள்ளுவதைவிடக் கடினம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஆளுநர்கள் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறார்கள்

“நாங்கள் ஒருவருக்கு எங்கள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பெட்டி கட்டிவிடுகிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் தலைவிதி அல்ல, அந்தப் பதவி அமைக்கப்பட்ட விதமே அப்படி. 1987 இல் வந்த 13ஆம் திருத்தம் அரசியலமைப்பில் 154ஆ உறுப்புரையைச் சேர்த்தது. ஆளுநரை ஜனாதிபதி தம் கையொப்பமிட்ட ஆணைப்பத்திரத்தால் நியமிக்கிறார். பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும், ஜனாதிபதி விரும்பும்வரைதான் அவர் இருக்கலாம். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நாம் போடும் வாக்கு அந்த நாற்காலியைத் தொடுவதில்லை. கொழும்பில் காற்று மாறினால் திருகோணமலையில் ஆள் மாறுவார்.

வரிசையைப் பாருங்கள். 1988 இல் வடக்கையும் கிழக்கையும் இணைத்த பிறகு முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற இராணுவத் தளபதி நளின் செனவிரத்ன. பின்னர் சிங்களத் திரையுலகின் பெரிய நடிகர் காமினி பொன்சேகாவும் அந்த நாற்காலியில் இருந்தார். அந்த இணைப்பு செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணம். அன்றிலிருந்து எண்ணினால் கடற்படையின் மொஹான் விஜேவிக்ரம, ஒஸ்டின் பெர்னாண்டோ, ரோஹித போகொல்லாகம, எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ், ஷான் விஜயலால் டி சில்வா, அனுராதா யஹம்பத், செந்தில் தொண்டமான், 2024 செப்டெம்பரில் பேராசிரியர் ஜயந்த லால் ரத்னசேகர என்று எட்டுப் பேர். முதலாமவர் ஒருவரே எட்டு ஆண்டு இருந்தார். 2019 என்ற ஒரே ஆண்டுக்குள் மூன்று பேர் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள். 2015 ஜனவரியிலும் 2019 நவம்பரிலும் 2024 செப்டெம்பரிலும் நாட்டில் ஜனாதிபதி மாறினார், ஒவ்வொரு முறையும் சில நாளிலோ சில வாரத்திலோ இங்கே ஆளுநரும் மாறினார். 2023 மே மாதத்தில் ஜனாதிபதி மாறாமலேயே மூன்று மாகாணங்களின் ஆளுநர்கள் ஒரே தடவையில் மாற்றப்பட்டார்கள், கிழக்கும் அதில் ஒன்று.

படைத் தளபதி, நடிகர், முன்னாள் வெளிவிவகார அமைச்சர், பேராசிரியர் என்று ஆட்கள் வந்து போவதைப் பார்க்கும்போது, கொழும்பு இந்த மாகாணத்தை இன்னும் ஓர் எல்லைப்புறமாகத்தான் பார்க்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. அது என் சொந்தக் குறை, உங்கள் வழக்குக்கு உதவாது. விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதம் எந்த ஆளுநர் காலத்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். சட்டத்துக்கும் அது முக்கியமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கடிதம் ஆளோடு போய்விடுமா

போகாது. ஆளுநர் என்பது ஒரு பதவி. அதிலிருந்து ஒருவர் எழுந்து போனாலும் பதவி தொடர்கிறது, அந்தப் பதவியின் கடிதத்தாளில் எழுதப்பட்டவையும் தொடர்கின்றன. முந்தைய ஆளுநர் ஒப்பமிட்ட நியமனங்கள் அவர் போன மறுநாள் இரத்தாவதில்லை. அப்படி இரத்தாகுமென்றால் மாகாணத்தில் பாதிப் பேருக்குச் சம்பளம் வந்திராது. “பழைய ஆளுநர் காலத்துக் கதை” என்று உங்களிடம் சொன்னவர் சட்டத்தைச் சொல்லவில்லை, வாசலில் நின்ற உங்களைத் திருப்பி அனுப்ப எளிதான வசனம் ஒன்றைச் சொன்னார்.

ஆனால் இதில் நீங்கள் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். ஒவ்வொரு ஆளுநருக்கும் நீங்கள் “புதிய மனு” கொடுத்திருக்கிறீர்கள். பிரதிகளை இணைத்திருந்தீர்கள், வாசித்தேன். மூன்றிலும் பழைய கடிதத்தின் இலக்கம் இல்லை. முந்தைய மனுவின் திகதியும் இல்லை. “மாண்புமிகு ஆளுநர் அவர்களே, நான் ஓர் ஏழைத் தொண்டர் ஆசிரியர்” என்று மூன்று முறையும் முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். அலுவலகத்தில் என்ன நடக்கும்? ஒவ்வொரு மனுவுக்கும் ஒவ்வொரு கோப்பு திறக்கப்பட்டிருக்கக் கூடும். கடைசிக் கோப்பை எடுத்துப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு நீங்கள் நேற்று முளைத்த விண்ணப்பதாரி. பதினைந்து ஆண்டுக் கதை அந்தக் கோப்பில் இல்லை.

அரச கடிதத்தின் தலையில் “எனது இல.” என்றும் “உமது இல.” என்றும் இரண்டு வரி இருக்கும். நாம் அதைப் பார்ப்பதே இல்லை, ஒப்பத்தைத்தான் பார்க்கிறோம். உங்கள் விஷயத்தில் ஒப்பமிட்டவர் போய்விட்டார், இலக்கம் அங்கேயே இருக்கிறது. இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு தாளிலும் முதல் வரி அந்த இலக்கமாக இருக்கட்டும்.

அந்த ஒற்றை வசனம்

இனிக் கசப்பான பகுதி. உங்கள் கடிதம் உயிரோடு இருக்கிறது என்றேன். அந்தக் கடிதம் உங்களுக்கு வேலை தந்துவிட்டது என்று சொல்லவில்லை. “சாதகமாகப் பரிசீலிக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்ற வசனத்தில் எழுவாய் எங்கே? யார் பரிசீலிப்பார், எப்போது, எந்த விதியின் கீழ்? ஒன்றும் இல்லை. நியமனக் கடிதம் என்றால் பதவி, சேவை, தரம், சம்பளத் திட்டம், கடமை ஏற்கும் திகதி எல்லாம் இருக்கும். நீங்கள் லமினேட் செய்து வைத்திருப்பது ஒரு மரியாதைப் பதில். நல்ல மனதோடு எழுதப்பட்டிருக்கலாம், ஆனாலும் பதில்தான்.

நியாயபூர்வ எதிர்பார்ப்பு என்று நிர்வாகச் சட்டத்தில் ஒரு கோட்பாடு இருக்கிறது. பொது அதிகாரம் ஒன்று தெளிவான வாக்குறுதி கொடுத்து, அதை நம்பி ஒருவர் நடந்திருந்தால், காரணம் சொல்லாமல் அதிலிருந்து அது நழுவிவிட முடியாது. உங்கள் நண்பியின் உறவுக்காரச் சட்டத்தரணி சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. வாக்குறுதி தெளிவாக இருக்க வேண்டும், உங்களுடையது அவ்வளவு தெளிவில்லை. வாக்குறுதி கொடுத்தவருக்கு அதைக் கொடுக்கச் சட்டத்தில் அதிகாரமும் இருக்க வேண்டும். இலங்கை ஆசிரியர் சேவைக்கு ஒரு பிரமாணக் குறிப்பு உண்டு. கல்வித் தகைமை, வயதெல்லை, தெரிவு முறை எல்லாம் அதில் இருக்கின்றன. எந்த ஆளுநரும், எவ்வளவு நல்லவரானாலும், அதைத் தாண்டி ஒருவரை ஆசிரியராக்குவதாகச் சொன்னால் நீதிமன்றம் அந்த வாக்கைக் காப்பாற்றித் தராது.

அப்படியானால் கடிதத்தால் பயனே இல்லையா? இருக்கிறது. நீங்கள் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டீர்கள், உங்கள் விடயம் நிர்வாகத்தின் முன் இருந்தது, அது நிராகரிக்கப்படவில்லை என்பதற்கு அது சான்று. அந்தப் பட்டியல் உண்மையில் கைவிடப்பட்டிருந்தால், யார் எந்தத் திகதியில் என்ன காரணத்தால் கைவிட்டார் என்று எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. அதே நேர்முகத் தேர்வுக்குப் போன, உங்களைப் போன்ற தகைமையுள்ள வேறு யாருக்காவது நியமனம் கிடைத்திருந்தால் வழக்கின் நிறமே மாறிவிடும். அப்போது நீங்கள் ஆளுநரின் வாக்கை நம்பி நிற்கத் தேவையில்லை, அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை தரும் சமத்துவத்தில் நிற்கலாம். உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் “எங்களோடு வந்த இரண்டு பேருக்குக் கிடைத்ததாகக் கேள்வி” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு பக்கத்தில் எனக்கு மிகவும் உபயோகமான வரி அதுதான். அதை நீங்கள் அரை வரியில் முடித்துவிட்டீர்கள்!

யாரிடம் கேட்க வேண்டும்

நீங்கள் எல்லாவற்றையும் ஆளுநரிடம் கேட்கிறீர்கள். 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி மாகாணப் பொதுச் சேவையில் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநருக்குரியவைதான். ஆனால் அந்த அதிகாரங்களை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் வேலை நடப்பது அங்கேதான். ஆணைக்குழுவின் உறுப்பினர்களை நியமிப்பவரும் ஆளுநரே. ஆணைக்குழுவின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்றுக் கட்டளைகளை மாற்றவும் நீக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே “ஆளுநர்தான் எல்லாம்” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனாலும் ஆளுநரின் வரவேற்பறையில் நிற்பதைவிட ஆணைக்குழுவின் செயலாளருக்கும் மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளருக்கும் முறையான கடிதம் எழுதுவதே வேலைக்கு ஆகும். அங்கே ஆட்கள் இவ்வளவு வேகமாக மாறுவதில்லை.

உங்கள் அண்ணன் சொல்லும் தேர்தல் கதைக்கும் ஒரு வார்த்தை. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8. அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதி முடிந்தது. 2017 இல் தேர்தல் முறையை மாற்றும் சட்டம் வந்தது, அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது, அதோடு தேர்தல் நின்றுபோனது. முதலமைச்சரும் அமைச்சர் சபையும் இல்லாத இந்தக் காலத்தில் ஆளுநர் தம் நிறைவேற்று அதிகாரத்தை நேரடியாகவும் தமக்குக் கீழுள்ள உத்தியோகத்தர் மூலமாகவும் செலுத்துகிறார். 154இ உறுப்புரை அதற்கு இடம் தருகிறது. தேர்தல் வர வேண்டும் என்று நானும்தான் விரும்புகிறேன். ஆனால் முதலமைச்சர் வந்தாலும் ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு அதேதான். உங்களுக்கு வயது 39. தேர்தல் எப்போது வரும் என்று உங்கள் அண்ணனுக்கும் தெரியாது.

ஆளுநருக்கு எதிராக வழக்கு

போடலாம். அரசியலமைப்பின் 35 ஆம் உறுப்புரை தரும் விடுபாட்டுரிமை ஜனாதிபதிக்கு உரியது, அவர் நியமிக்கும் ஆளுநருக்கு அது ஒட்டிக்கொண்டு வராது. 1990களில் வட மத்திய மாகாண ஆளுநர் மாகாண சபையைக் கலைத்த விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. சபையைக் கலைத்ததையே நீதிமன்றம் ஆராயும் என்றால் உங்கள் கோப்பையும் ஆராயும். வழக்கு நடக்கும்போது ஆளுநர் மாறினால் தலைப்பில் திருத்தம் தேவைப்படலாம், வழக்கு அதனால் சாகாது.

வழிகள் இரண்டு. ஒன்று எழுத்தாணை. செய்ய வேண்டிய சட்டக் கடமையைச் செய் என்றோ, பிழையான தீர்மானத்தை இல்லாதாக்கு என்றோ நீதிமன்றம் இடும் கட்டளை அது. மாகாண நிரலில் உள்ள, அதாவது மாகாணங்களுக்கு ஒதுக்கப்பட்ட விடயங்களுக்கு 154த(4) உறுப்புரையின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே இந்த நியாயாதிக்கம் உண்டு, மட்டக்களப்பிலேயே அந்த நீதிமன்றம் இருக்கிறது. உங்கள் விடயத்துக்கு அங்கேயா, கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கா போவது என்பதை ஆவணங்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எழுத்தாணைக்குச் சட்டத்தில் நாள் கணக்கு இல்லை. ஆனால் காரணமில்லாமல் தாமதித்தவருக்கு நீதிமன்றம் கதவைத் திறக்காது. பல ஆண்டு நீங்கள் சும்மா இருக்கவில்லை, மனுக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று காட்டினால் தாமதத்துக்கு ஓரளவு விளக்கம் கிடைக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத அந்த மூன்று மனுக்களுக்கும் இப்போதாவது ஒரு பயன் இருக்கிறது.

மற்றது அடிப்படை உரிமை மனு. 126 ஆம் உறுப்புரையின் கீழ் உச்ச நீதிமன்றத்தில், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். போன மாதம் உங்களுக்கு வாய்வழியாகச் சொன்னதை ஒரு தீர்மானம் என்று நீதிமன்றம் கொள்ளுமா என்பது சந்தேகம். ஆனாலும் அந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆகவே இந்தப் பதிலை வாசித்த அன்றே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அந்த ஒரு மாதம் முடிவதற்குள் அங்கே முறைப்பாடு பதிந்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. போன மாதம் எந்தத் திகதி என்று நீங்கள் எழுதவில்லை. பஸ் டிக்கெட் இருந்தால் தேடிப் பாருங்கள்.

இன்றே வழக்குப் போடச் சொல்கிறேனா? இல்லை. கையில் ஒரு மரியாதைப் பதிலும் ஒரு வாய்ப்பேச்சும் மட்டும் வைத்துக்கொண்டு போனால் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். தோற்ற வழக்கு அடுத்த முறை உங்களுக்கு எதிராகவே நிற்கும். முதலில் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கோப்பைத் திறக்கும் சாவி

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. மாகாண நிறுவனங்களும் அதற்குள் வரும். ஒரு கோரிக்கையை ஆளுநர் செயலகத் தகவல் அலுவலருக்கும் இன்னொன்றை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. இன்ன இலக்கக் கடிதம் சம்பந்தப்பட்ட கோப்பின் இன்றைய நிலை என்ன, இன்ன திகதி நேர்முகத் தேர்வின் புள்ளி விவரமும் எனது புள்ளியும் என்ன, அந்தத் தேர்விலிருந்து எத்தனை பேருக்கு எந்த அடிப்படையில் நியமனம் வழங்கப்பட்டது, பட்டியல் இரத்தானதென்றால் அந்தத் தீர்மானத்தின் பிரதி. இந்த நான்கும் போதும். “எனக்கு ஏன் வேலை தரவில்லை” என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல, அதற்கு வரும் பதிலும் தகவலாக இராது.

கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் பயனில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதே சட்டத்தின் 35 ஆம் பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று: ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்டால், அதற்கான காரணத்தை உத்தியோகத்தர் எழுத்தில் தர வேண்டும். “பழைய ஆளுநர் காலத்துக் கதை” என்று வாயால் சொல்வது எளிது. கடிதத்தாளில் அதை எழுதி ஒப்பமிட யாருக்கும் கை வராது.

மூன்று இலட்சம்

கொடுக்காதீர்கள். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். அந்த மனிதர் உண்மையில் ஏதாவது செய்து ஒரு நியமனம் வந்தாலும், நாளை கணக்காய்வில் அது கிளறப்படும்போது வேலையும் போகும், நீங்களும் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். பெரும்பாலும் அவர் ஒன்றும் செய்யப் போவதில்லை. அடுத்த ஆளுநர் வந்ததும் “அவர் மாறிவிட்டார், என்ன செய்வது” என்று கையை விரிப்பார், ஆளுநர் மாற்றத்தை வியாபாரமாக்கியவர்களில் அவரும் ஒருவர். குறுஞ்செய்தி ஏதும் அனுப்பியிருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். இலஞ்ச, ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954.

நீங்கள் தவறவிட்டது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது, முதலில் சொல்லியிருந்தால் மிச்சத்தை வாசித்திருக்க மாட்டீர்கள். பட்டம் முடித்த பிறகு ஒருமுறை பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்புக்கு மாகாணத்தில் விண்ணப்பம் கோரினார்கள் என்றும், “ஆளுநர் கடிதம் கையில் இருக்கும்போது போட்டிப் பரீட்சை எதற்கு” என்று விண்ணப்பிக்காமல் விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று ஆளுநர்கள் மாறியதால் நீங்கள் இழந்ததைவிட இதனால் இழந்தது அதிகம். கணிதம் கற்பிக்கத் தெரிந்த பட்டதாரி நீங்கள். படுவான்கரைப் பாடசாலைகளில் எத்தனை வகுப்பு கணித ஆசிரியர் இல்லாமல் இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

அடுத்த அழைப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்தால் பழைய உரிமைக் கோரிக்கை போய்விடும் என்று பயப்படாதீர்கள். “எனது முந்தைய விண்ணப்பத்துக்குப் பாதகமின்றி” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். வயதெல்லை உங்களைத் தாண்டிவிட்டதா, தொண்டர் சேவைக் காலத்துக்கு ஏதும் சலுகை உண்டா என்பது அந்தந்த அறிவித்தலில் இருக்கும். வர்த்தமானியையும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் மாதம் ஒருமுறையாவது பாருங்கள். பாடசாலைக்குப் பொன்னாடை கொண்டுவரும் அரசியல்வாதி இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

பதினைந்து ஆண்டுச் சேவைக்குச் சான்று தேட இப்போதே தொடங்குங்கள். அதிபரின் கடிதம் மட்டும் போதாது. உங்கள் பாடசாலைக்கு இடையில் நாலு அதிபர்கள் மாறியதாக எழுதியிருக்கிறீர்கள், ஆளுநர் கதைதான் அங்கேயும். ஆசிரியர் வரவுப் பதிவேடு, நேரசூசி, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயர் வரும் பக்கங்கள், நீங்கள் ஒப்பமிட்ட மாணவர் தேர்ச்சி அறிக்கைகள், இவற்றின் பிரதிகளை வலயக் கல்வி அலுவலகத்தில் உறுதிப்படுத்தி எடுங்கள். பழைய பதிவேடுகளைக் கறையான் தின்பதற்கு முன்.

பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றி வழக்காடவும் அவர்கள் உதவுவார்கள். தகவல் கோரிக்கைக்குப் பதில் வந்த பிறகு போனால் அவர்களுக்கும் வேலை எளிது. மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டை மட்டும் அதுவரை தள்ளிவைக்காதீர்கள்.

அந்த லமினேட் செய்த கடிதத்தை யாரிடமும் மூலமாகக் கொடுக்காதீர்கள், “உள்ளே காட்டிவிட்டுத் தருகிறேன்” என்று கேட்டாலும். அதன் பின்பக்கத்தில் கையால் ஏதோ எழுதிச் சிறிய ஒப்பம் இருப்பதாகச் சொல்கிறீர்கள், எனக்கு அனுப்பிய பிரதியில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அது யாரோ ஓர் உத்தியோகத்தர் கோப்புக்காக எழுதிய குறிப்பாக இருக்கலாம். பின்பக்கத்தையும் பிரதி எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்த பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.